வெண்ணெய் மாதிரி திறக்கிற கத்தி எனக்கு வேண்டாம்

போன ஆனி மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் எங்க கொல்லைக்கு வந்திருந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை. மண் மேல ஆசை உள்ளவர், நல்ல மனுசர். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே அவரைக் கொஞ்சம் திட்டப் போறேன். அவரை மட்டும் இல்லை, என்னையும்.

மாமரத்தடியில உட்கார்ந்து பெங்களூரா மாங்காய் நறுக்கிச் சாப்பிடலாம்னு என் மடக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தை வெச்சு இழுத்துப் பார்த்தார். வரலை. "என்ன சார் இது, நகமே பேந்துடும் போல இருக்கே"ன்னார். அப்புறம் தன் பாக்கெட்டிலிருந்து ஒண்ணை எடுத்தார். கறுப்புப் பிடி, ஆன்லைன்ல வாங்கினதாம். கட்டைவிரலால ஒரு தள்ளு. டக். திறந்துடுச்சு. "இதுவும் வந்தப்ப இறுக்கமாத்தான் இருந்துது. வீடியோ பார்த்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் பண்ணி ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இப்ப பாருங்க, வெண்ணெய் மாதிரி!" என்றவர், "உங்களுதையும் பண்ணித் தரட்டுமா?"ன்னு கேட்டார்.

சரின்னு சொன்னேன். வந்த விருந்தாளி ஆசையா கேட்கிறார். தவிர, இருபது வருசமா அந்தக் கத்தியோட மல்லுக்கட்டறவன் நான், உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை. கார்லருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்து திருகாணியை அரைச் சுத்து தளர்த்தினார். ஒரு சொட்டு எண்ணெய். மணிக்கட்டைச் சுண்டினாலே கத்தி வெளியில வந்துடுச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அவர் போனப்புறம் நானும் சின்னப் பையன் மாதிரி நாலஞ்சு தரம் சுண்டிச் சுண்டிப் பார்த்தேன்.

அந்தக் கத்தியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க ஊர் ஆசாரி அடிச்சுக் கொடுத்தது. கருவேலங்கட்டைப் பிடி, நடுவுல பிளவு, அதுக்குள்ள அலகு. அலகும் பிடியும் சேர்ற இடத்துல ஒரு திருகாணி, அலகுக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா பித்தளை வாஷர். அவ்வளவுதான். கடையில விக்கிற மடக்குக் கத்தியில முதுகுப் பக்கம் ஒரு வில் இருக்கும். திறந்தா நிக்கும், மடக்கினா அடங்கும். இன்னும் விலை கூடினதுல பூட்டு இருக்கும். எங்க ஆசாரி கத்தியில வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ரெண்டு கட்டைக்கும் நடுவுல அலகு எவ்வளவு இறுக்கமா பிடிபட்டிருக்கோ அந்த இறுக்கம்தான் பூட்டு. அதைத் தளர்த்தறதுன்னா வீட்டுத் தாழ்ப்பாளைக் கழட்டி வெச்சுட்டு "கதவு எவ்வளவு ஈசியா திறக்குது பாரு"ன்னு சந்தோஷப்படற கதை.

நம்ம ஊர் சவரக்கத்தியை நினைச்சுப் பாருங்க. பிளேடு வர்றதுக்கு முந்தி ஊருக்கு ஊர் அதுதானே. அதுக்கும் பூட்டு கிடையாது. அலகோட அடியில வால் மாதிரி ஒரு நீட்டல் இருக்கும், அதை விரலால தாங்கிப் பிடிச்சுத்தான் சிரைப்பாங்க. மடக்குற இடத்துல இருக்கிற ஆணி லூசாப் போச்சுன்னா மடக்கறப்ப அலகு கோணலா போய்ப் பிடியில இடிச்சு முனை போயிடும். அதனால சின்னச் சுத்தியலால ஆணித் தலையில ஒரு தட்டு, திறந்து பார்க்கிறது, இன்னொரு தட்டு. பாக்குவெட்டியும் அப்படித்தான். எங்க ஆயா பாக்குவெட்டி ஆணியை யாரையும் தொட விடமாட்டாங்க. ரொம்ப லூசா இருந்தா பாக்கு வெட்டுப்படாம நசுங்கும், ரொம்ப இறுகினா ஆயாவோட கை வலிக்கும்.

இன்னும் பின்னாடி போனா ஓலைச்சுவடி காலத்து மடக்கெழுத்தாணி. ஒரே பிடிக்குள்ள ஒரு பக்கம் எழுத்தாணி, இன்னொரு பக்கம் ஓலை வார்ற சின்னக் கத்தி, ரெண்டும் உள்ளே மடங்கும். ஓலையில எழுதறதுன்னா அழுத்திக் கீறணும். மடக்கு தளர்ந்து ஆடுற எழுத்தாணியை வெச்சு எவ்வளவு பெரிய புலவரும் ஒரு வரி நேரா எழுதியிருக்க முடியாது.

இப்ப ஆடி மாசத்துக்கு வர்றேன்.

ஆடி, ஆவணியில காத்துல ஈரம் இருக்கும். மாங்கன்றுக்கு ஒட்டு கட்டற காலம். எங்க கொல்லையில இந்த வேலையைச் சுத்தமாச் செய்யறது ஒரே ஒரு அக்காதான். நாட்டு மாங்கன்றோட தலையை வெட்டிட்டு தண்டை நடுவுல பிளக்கணும். நல்ல ரகத்துக் குச்சியை ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி அந்தப் பிளவுல சொருகணும். பாலிதீன் நாடாவால இறுக்கிச் சுத்தணும். சீவின பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தாத்தான் ஒட்டும். அக்கா கை வெச்சா நூத்துக்கு எண்பது தொண்ணூறு பிடிக்கும். நான் கட்டினா பாதி காஞ்சு போகும், அதனால நான் நாடா மட்டும் கிழிச்சுக் கொடுப்பேன்.

அன்னிக்குக் காலையில அவங்க கத்தி சாணைக்குப் போயிருந்துது. என் கத்தியைக் கொடுத்தேன். வாங்கித் திறந்ததும், "இன்னா தம்பி, இம்மாம் லூசா கீது?"ன்னு கேட்டாங்க. "ஈசியா இருக்கும்க்கா"ன்னு சொன்னேன். அந்த வார்த்தை இப்பவும் என் காதுல கேட்குது.

தண்டைப் பிளந்தப்ப அலகு பிளவுல சிக்கிக்கிச்சு. மேலே இழுக்கறதுக்காக லேசா ஆட்டினாங்க. ஆட்டறப்ப அலகோட முதுகுல அழுத்தம் விழும். மடக்குக் கத்தி முதுகுல அழுத்தினா மடங்கும், அதுதான் அதோட பிறவிக் குணம். அத்தனை வருசம் அந்த அழுத்தத்தைத் தாங்கிட்டிருந்தது திருகாணியோட இறுக்கம். அது இப்ப இல்லை. அலகு மடங்கி, பிடியைச் சுத்தியிருந்த வலது கை ஆள்காட்டி விரல்ல, நடு மூட்டுக்குக் கீழே இறங்கிடுச்சு.

ஆம்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஏழு தையல். தசைநாண் பாதி அறுந்திருக்கு, தப்பிச்சது பெரிய விஷயம்னு டாக்டர் சொன்னார்.

ஒரு விரல்தானேன்னு நினைக்கிற நகரத்து நண்பர்களுக்கு எங்க பக்கத்து நிலவரம் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான் பாதி வீட்டுக்கு அடுப்பு எரியவைக்குது. விடியற்காலையில மெயின் ரோட்டுல நின்னு பாருங்க, கம்பெனி பஸ் பஸ்ஸா பொம்பளைங்க போவாங்க. கம்பெனிக்குப் போக முடியாதவங்க, குழந்தை வெச்சிருக்கவங்க, வயசானவங்க, வீட்லயே உட்கார்ந்து ஷூவோட மேல்பாகத்தைக் கையால தைச்சுக் கொடுப்பாங்க. மூட்டையில வரும், மூட்டையில போகும், ஜோடிக் கணக்குக்குக் கூலி. நீங்க மால்ல நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து வாங்கற ஷூ மேல வரிசையா தடிச்ச தையல் தெரியுதே, அதுல பலது திண்ணையில போட்ட தையல்தான். அக்கா நம்ம கொல்லைக்கு வர்றது வருசத்துல சில மாசம். மீதி மாசமெல்லாம் அந்தத் தையல்தான் சோறு. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுத்து இறுக்கறது அந்த வலது ஆள்காட்டி விரல்.

நண்பரோட அரைச் சுத்து ஸ்க்ரூ டிரைவர் அங்க போய் நின்னுச்சு.

இப்ப நான் யார்கிட்ட சண்டை போடறேன்னு சொல்லிடறேன். "ஈசியா திறக்கிற கத்திதான் நல்ல கத்தி"ங்கற நினைப்போட. இந்த நினைப்பு நம்மகிட்ட எப்ப வந்துச்சுன்னு தெரியல, ஆனா எல்லாத்துலயும் இருக்கு. பாட்டில் மூடி ஈசியா திறக்கணும், கார் கதவு ஈசியா திறக்கணும், கத்தியும் ஈசியா திறக்கணும். கூர்மையான ஒரு பொருள் கொஞ்சம் யோசிச்சுத் திறக்கணும்னு யாருக்கும் தோணறதே இல்லை. ஒரு கையால சுண்டித் திறக்கிற வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறாங்க. அந்தக் கத்தியால அந்த ஆள் கடைசியா என்ன வெட்டினார்? அட்டைப்பெட்டி. அதுவும் ஆன்லைன்ல வந்த இன்னொரு கத்தியோட அட்டைப்பெட்டி.

கத்தி இறுகிப்போனா உடனே திருகாணியைத் தேடறதே தப்பு. இருபது வருசத்துல நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டு தரம் கத்தி இறுகறதுக்குக் காரணம் திருகாணி இல்லை, அழுக்கு. மாம்பால், வாழைக்கறை ரெண்டும் மடக்குக்குள்ள போய்க் காஞ்சா கோந்து மாதிரி ஒட்டிக்கும். பாலாத்துப் பக்கத்து நைஸ் மணல் ஒரு சிட்டிகை போதும், வாஷரை அரைச்சுடும். எங்க பக்கத்துக்குன்னே இன்னும் ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு, தண்ணி. பச்சைத்தோலை உப்பு போட்டுத்தான் பதப்படுத்தி வெப்பாங்க. ஷாப்புல ஊறப் போடறப்ப அந்த உப்பெல்லாம் தண்ணியில இறங்கும். பல வருசமா அது நிலத்துல இறங்கி பாலாத்துக் கரைக் கிணறு எத்தனையோ உப்பாயிடுச்சு. 1996 ஆகஸ்ட்டுல சுப்ரீம் கோர்ட் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல தீர்ப்பு சொன்னது இதைப் பத்தித்தான். ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டாங்க. தீர்ப்பு வந்தும் கிணத்துத் தண்ணி இனிப்பாகலை. அந்தத் தண்ணியில கத்தியைக் கழுவித் துடைக்காம மடக்கி வெச்சா ரெண்டே நாள்ல மடக்குக்குள்ள துரு.

ரெண்டாவது, தோல் உறை. இங்க வர்ற நண்பர்கள் ஆசையா ஒரு தோல் உறை வாங்கி அதுக்குள்ளயே கத்தியை மாசக்கணக்கா வெச்சுடறாங்க. பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல்ல புளிப்பு உண்டு, ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும். ஒரு காலத்துல இந்தப் பக்கம் ஆவாரம்பட்டைதான். பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தா கறுக்கும், மாங்காய் நறுக்கின இரும்புக் கத்தி கறுக்கிற மாதிரியே. உறை, இடுப்புல சொருகிட்டுப் போறதுக்கு. ராத்திரி வெளியில எடுத்து வெச்சுடுங்க. தோல் ஊர்க்காரனே சொல்றேன்.

எண்ணெய் விஷயத்துலயும் ஒரு கூத்து. நான் முதல்ல தேங்காய் எண்ணெய்தான் விட்டேன், வீட்ல இருக்கறது அதுதானே. மார்கழி விடியல்ல கொல்லைக்குப் போனா கத்தி வரவே வராது. பத்து மணிக்கு மேல தானா சரியாயிடும். என்னமோ கத்திக்கும் பனி பிடிக்குதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, பாட்டில்ல தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருக்கிற மாதிரி மடக்குக்குள்ளயும் உறைஞ்சிருக்கு. இருபத்தி நாலு டிகிரிக்குக் கீழே போனா அது கெட்டியாகும். நல்லெண்ணெய் விட்டா உறையாது, ஆனா நாளாக நாளாகப் பிசுபிசுன்னு பசையாயிடும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. எங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை, ரெண்டு வீட்டுக்கு ஒரு மெஷின். அதுவும் ஒரே ஒரு சொட்டு. கூட விட்டா மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். புழுதியில வேலைன்னா எண்ணெயே வேண்டாம், பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைப் போடலாம்.

ஆக, முதல்ல வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவு, நல்லா காய வை, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்துத் தரம் திறந்து மூடு. இவ்வளவுக்கும் மசியலைன்னாத்தான் திருகாணி. அதுவும் அரைச் சுத்து எல்லாம் இல்லை. அரைக்கால் சுத்து, பார்க்கிறது, இன்னொரு அரைக்கால். பாதி திறந்து கவுத்துப் பிடிச்சு உதறினா அலகு இருந்த இடத்துலயே நிக்கணும். முழுசா திறந்து இடம் வலமா ஆட்டினா ஆடக்கூடாது. எங்க ஆசாரி இதுக்கு மேல ஒண்ணு சொல்வார்: வேர்த்த கையோட திறந்து பாரு. காலையில காஞ்ச கையில ஒரு இறுக்கம், மத்தியானம் வேர்வையில வேற இறுக்கம்.

இதுல ஒரு எதிர்ப்பேச்சு வரும், வரட்டும். வயசானவங்களுக்கு, விரல் மூட்டு வலிக்காரங்களுக்கு, ஒரு கை இல்லாதவங்களுக்கு ஈசியா திறக்க வேண்டாமான்னு கேட்பீங்க. வேணும். ஆனா அதுக்கு வழி இறுக்கத்தைக் குறைக்கிறது இல்லை, பிடிமானத்தைக் கூட்டறது. ஜப்பான்ல மிகிங்கற ஊர்ல ஹிகோனோகாமின்னு ஒரு மடக்குக் கத்தி பண்றாங்க. நம்ம ஆசாரி கத்தி மாதிரியே வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனா அலகுக்கு ஒரு சின்ன வால் இருக்கும், பிடிக்கு வெளியே நீட்டிக்கிட்டு. கட்டைவிரலால அதை அழுத்தினா நெம்புகோல் மாதிரி அலகு எழும்பும், நகம் பேராது. வெட்டறப்ப அதே கட்டைவிரல் வால் மேல இருக்கிறதால கத்தி மடங்கவும் மடங்காது. அப்புறம் பிரான்ஸ்ல ஓபினெல்னு ஒண்ணு, 1890லருந்து பண்றாங்க. மரப்பிடி. ஈரத்துல கட்டை ஊதி அலகைக் கவ்விப் பிடிச்சுக்கும். அந்த ஊர் விவசாயிங்க பிடியோட அடியை மேசையில ஒரு தட்டு தட்டுவாங்க, அலகு கொஞ்சம் வெளியில எழும்பும், அப்புறம் நகத்தால இழுத்துக்குவாங்க. 1955ல அதுக்கு ஒரு பூட்டு வளையம் போட்டாங்க. கை பழகிச்சு, பூட்டு வந்துச்சு. அறுபது வருசம் பூட்டில்லாம வெச்சிருந்தவங்க விரலையும் யோசிச்சுத்தான் அந்த வளையம்.

இன்னொரு பக்கம் போலீஸ், சட்டம். நண்பர் தன் கத்தியை டக்குன்னு திறந்தப்ப அவருக்கு அது ஸ்டைல். சட்டத்துக்கு அந்த 'டக்'தான் ஆயுதம். நம்ம நாட்டு ஆயுத விதிகள்ல ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளம், இல்லைன்னா ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம் உள்ள கத்தி ஆயுதக் கணக்குல வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. அதனாலதான் என் வெட்டரிவாள் தப்பிச்சுது. ஆனா டெல்லியில 1980 அக்டோபர் 29ந் தேதி ஒரு அறிவிக்கை போட்டாங்க. பட்டன் அழுத்தினா திறக்கிற கத்தி, வில் விசையில திறக்கிறது, 'கர்ர்'னு பல்சக்கரச் சத்தத்தோட திறக்கிற கராரிதார், இதெல்லாம் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே கட்டுப்பாட்டுக்குள்ள வந்துடும். ஒன்பது அங்குலம் எங்கே, மூணு அங்குலம் எங்கே! வித்தியாசம் நீளத்துல இல்லை, திறக்கிற விதத்துல. இந்திப் பட வில்லன் கையில ராம்பூர் கத்தி கர்ர்னு திறக்குமே, அந்தச் சத்தம் சட்டத்துலயே ஏறி உட்கார்ந்துடுச்சு.

அமெரிக்காவுல இதைவிட அநியாயம். நியூயார்க்ல 1950கள்லருந்து ஒரு சட்டம். மணிக்கட்டைச் சுண்டினா திறந்து நிக்கிற கத்தி வெச்சிருந்தாலே குத்தம். சோதனை என்னன்னா, பிடிச்ச போலீஸ்காரர் தன் கையால சுண்டிப் பார்ப்பார். திறந்தா கேஸ். கடையில எல்லாருக்கும் வித்த சாதாரண வேலைக் கத்தி; நாலு வருசம் உழைச்சுத் தேய்ஞ்சு மடக்கு தளர்ந்திருந்தா, அது வெச்சிருந்தவன் குற்றவாளி. மாட்டினதெல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்கிறவன், கார்ப்பெட் வெட்டறவன், ஸ்டேஜ் கட்டறவன். பெரும்பாலும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும். ஆயிரக்கணக்கான பேர். 2019 மே மாசம்தான் அதை எடுத்தாங்க. ஒரு திருகாணியோட அரைக்கால் சுத்து ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவுல நின்னிருக்கு.

கத்தி பண்ற கம்பெனிகளும் இதுல சளைச்சவங்க இல்லை. நிறைய கத்தியில திருகாணிக்குப் பதிலா ஆணியை அடிச்சு நசுக்கிடறாங்க. தளர்ந்தா தூக்கிப்போடு, புதுசு வாங்கு. திருகாணி வெச்சாலும் நட்சத்திரத் தலை, அதுக்குன்னு தனிச் சாவி. கழட்டினா வாரண்டி கிடையாதுன்னு ஒரு துண்டுச் சீட்டு வேற. 2022ல மத்திய அரசு 'பழுது பார்க்கிற உரிமை'ன்னு பேச ஆரம்பிச்சப்ப நாலு துறையைச் சொன்னாங்க. அதுல விவசாயக் கருவியும் ஒண்ணு. டிராக்டரை நினைச்சுச் சொல்லியிருப்பாங்க. என் கத்தியையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துக்கறேன். பட்டைத் தலைத் திருகாணி வை, சில்லறைக் காசை வெச்சுத் திருப்பிக்கறேன்.

இங்கதான் என் வாதம் என் காலையே வாருது. ஆசாரி அப்படித்தானே வெச்சார், யாரும் திருகிக்கிற மாதிரி. அதனாலதானே நண்பரால தளர்த்த முடிஞ்சுது? நசுக்கின ஆணியா இருந்தா அக்கா விரல் தப்பிச்சிருக்குமே? ரெண்டு மூணு ராத்திரி இதையே யோசிச்சேன். தப்பு திருகாணி மேல இல்லை. வீடியோவுல முகம் தெரியாத ஒருத்தன் கட்டைவிரலுக்கு எது சரியோ அதை என் கத்திக்கு வெச்சார் நண்பர். அவர் வெச்சதை, நிலத்துக்காரன்ங்கற ஹோதாவுல, வேலை செய்யற கைக்குக் கொடுத்தேன் நான். "இம்மாம் லூசா கீது"ன்னு அந்தக் கை சொன்னுது. இருபது வருசம் ஒட்டுக் கட்டின கை, ஒரு தரம் தொட்டதுமே சொன்னுது. அதைக் கேட்காம "ஈசியா இருக்கும்க்கா"ன்னு நான் பாடம் நடத்தினேன். நியூயார்க் போலீஸ்காரர் தன் மணிக்கட்டை வெச்சு அடுத்தவன் கத்தியை அளந்ததுக்கும் நான் பண்ணினதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை.

உங்க ஆபீஸ்லயும் நடக்கும் இது. நாற்காலியில உட்காராதவர் நாற்காலி வாங்குவார். எங்க பக்கம் மருந்து தெளிக்கிற மெஷினை வாங்கறது ஒருத்தர், முதுகுல சுமக்கறது இன்னொருத்தர். வார் எந்த ஓட்டையில மாட்டணும்னு சுமக்கறவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு நான் கொடுத்தேன். ஆறு வாரக் கூலியும் கொடுத்தேன். "பரவால்ல தம்பி, வேணும்னா பண்ணே"ன்னு அக்கா சொன்னாங்க, அது இன்னும் மோசமா இருந்துது. விரல் முழுசா மடங்கலை. முன்ன ஒரு நாளைக்குத் தைச்ச ஜோடியில முக்கால்வாசிதான் இப்ப ஆகுதாம். மீதிக் காலுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுக்கப் போனா வாங்க மாட்டேங்கிறாங்க. அந்தக் கணக்கு இன்னும் தீரலை.

கத்தியை ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போனோம், அக்காவும் நானும். தேய்ஞ்ச வாஷரை மாத்தினார். திருகாணியை அக்கா கையில கொடுத்து, "நீயே திருப்பும்மா, எங்க சரியோ அங்க நிறுத்து"ன்னார். அக்கா கட்டுப்போட்ட விரலை ஒதுக்கி வெச்சுக்கிட்டு இறுக்கினாங்க, திறந்தாங்க, திரும்ப இறுக்கினாங்க. பாதியில நிறுத்தி உதறினாங்க. அலகு அசையலை. திருகாணி தானா சுத்தி வராம இருக்க அது மேல ஏதாவது பூசணும்னு ஆசாரி சொன்னார். அக்காவோட பொண்ணு வீட்லருந்து நகப்பாலிஷ் எடுத்துட்டு வந்து தலையில ஒரு சொட்டு வெச்சுது. நல்ல சிவப்பு. யாராவது திருப்பினா அந்தச் சிவப்பு உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும்.

தை மாசம் நண்பர் திரும்ப வந்தார். நடந்ததெல்லாம் போன்லயே சொல்லியிருந்தேன். முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். கத்தியை எடுத்து நகத்தால இழுத்துப் பார்த்தார். ரெண்டு தரம் வழுக்கி மூணாவது தரம்தான் வந்தது. திருகாணித் தலையில இருந்த சிவப்பைப் பார்த்து, "இது என்ன சார்?"ன்னார்.

"அக்கா அதோ தண்ணி பாய்ச்சிட்டிருக்காங்க, அவங்களையே கேளுங்க"ன்னேன். எழுந்து போனார்.